மின்கம்பத்தடியில் போட்ட கதிரை

மகனே,

போன கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நான் கோபத்தில் வைத்ததாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். கோபமில்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பதில் இதுதான்: மாட்டேன். மின்கம்பத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஊர் பார்க்க அவரை மறித்ததற்காக, கல்யாணத்துக்கு முன்பு உன் வருங்கால மாமனாரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். ஒரு வார்த்தைதானே அம்மா என்றாய். ஒரு வார்த்தைதான் என்றால் அதைச் சொல்லாமல் விடுவதாலும் பெரிய நட்டம் வந்துவிடாது. உனக்குத் தனியாக எழுதினால் இந்தக் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "அம்மா யோசிக்கிறா" என்று அந்த வீட்டாருக்குச் சொல்லிவிடுவாய். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கல்யாணமாகப் போகும் மகனுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் பொறுமை, விட்டுக்கொடுத்தல், பெரியோரை மதித்தல் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை உன் அப்பா நேரில் சொல்லுவார். என்னுடன் இத்தனை வருடம் வாழ்ந்ததில் அவருக்கு மூன்றிலும் நல்ல பயிற்சி.

உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். அப்போது நீ வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பொருளியல் படிப்பித்துக்கொண்டு, செங்கலடியில் அறை எடுத்து இருந்தாய். அந்தப் பாதியையும் உனக்குச் சொன்னவர்கள் அன்றைக்கு இருட்டில் இருந்தவர்கள். அவர்களுடைய சொல்லில் வெளிச்சம் குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். நம் ஊர் பெரியகல்லாற்றைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவில் வெறும் மணலாகக் கிடக்கிறது. நமக்கு வரும் மின்சாரம் மேற்கே படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வருகிறது. வாவிக்கு நடுவில் அந்தக் கம்பங்களைவிட உயரமாக ஒன்றுமில்லை. அடுத்த உயரம் தோணியில் எழுந்து நின்று வலை வீசுகிற மனிதன். சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் படுவான்கரை வயல்வட்டைகளுக்கு மேலே முகில் கறுத்து எழும்பும்போது, அது எதைத் தேடி வருகிறது என்று ஊகிக்கப் பட்டம் தேவையில்லை. இடி நேராகக் கம்பியில் விழவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே போதும், கம்பிக்குள் ஓர் அலை எழும்பி ஓடத் தொடங்கிவிடும். ஓடுகிற அலை கம்பி முடிகிற இடத்தில் போய் மோதும். நம் ஊரில் கம்பி முடிகிற இடம், கண்ணகி அம்மன் கோயில் வீதியோரத்தில் இரட்டைக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கும் மின்மாற்றி.

முதல் மின்மாற்றி எரிந்தபோது மின்சாரக் கந்தோரில் போய்க் கேட்டோம். "இயற்கை அனர்த்தம்" என்றார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரான உன் பெரியப்பாவிடம் கேட்டோம். "அம்மாள்ட கோபம்" என்றார். அடுத்த வருடம் இரண்டாவது எரிந்தது. அப்போதும் கந்தோர் இயற்கை என்றது, கோயில் கோபம் என்றது. விஞ்ஞானமும் சமயமும் இவ்வளவு சுமுகமாக ஒத்துப்போனதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டும் சேர்ந்து சொன்னதன் சாரம், யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை என்பதுதான். ஊராருக்கு அது ஆறுதலாக இருந்தது. என்னைப்போல் ஐஸ் ஆலை நடத்துகிறவளுக்கு அந்தத் தத்துவம் கட்டுப்படியாகாது. மின்சாரம் போன ஐஸ் ஆலை என்பது ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. ஐஸ் இல்லையென்றால் விடியக் கரைக்கு வரும் மீன் மத்தியானத்துக்குள் கருவாட்டுக்காரரின் சொத்து. காத்தான்குடிக்கு மீன் ஏற்றும் லொறிக்கார நானா வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐஸ் இல்லாம இந்த மீன ஏத்தினா, காத்தான்குடி போறதுக்குள்ள மீன் என்ன லொறியால இறக்கி விட்டுரும் தங்கச்சி." சொல்லிவிட்டு வெறும் லொறியோடு போனார். பிடித்தவர்கள் கிடைத்த விலைக்குக் கரையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு மீன்காலம் அப்படியே போனது. இன்னொன்று அப்படிப் போனால் ஆலையை மூடவேண்டும், மூடினால் கரை முழுவதும் முடங்கும். எனக்கு அன்று இருந்த பிரச்சினை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

இரண்டாவது எரிந்த பிறகுதான் உன்னிடம், மின்கம்பிகளை இடியிலிருந்து காப்பது பற்றி ஒரு புத்தகம் கேட்டேன். நீ சிரித்தாய். ஆனாலும் வளாக நூலகத்தில் எடுத்துவந்து தந்தாய். ஆகவே நடந்த எல்லாவற்றுக்கும் நீயும் உடந்தை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். அந்தப் புத்தகம் இன்னும் இங்கேதான் இருக்கிறது, நூலகத்தார் தேடினால் நீயே பதில் சொல். அதில் சூத்திரங்களைத் தாண்டித் தாண்டி வாசித்ததில் எனக்கு விளங்கியது இது. மின்மாற்றிக்கு ஒட்டினாற்போல, ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக, தட்டுத்தட்டாக அடுக்கிய சின்னத் தூண் போல ஒன்று நிற்கும். ஊரில் இடிதாங்கி என்போம், லைன் வேலைக்காரர் அரெஸ்டர் என்பார்கள். சாதாரண நாளில் அது பூட்டிய கதவு. இடியின் அலை வந்து மோதும் அந்தக் கணத்தில் மட்டும் திறந்து, அலையை மின்மாற்றிக்குள் விடாமல் மண்ணுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கு அனுப்ப மண்வரைக்கும் ஒரு கம்பி இறங்கவேண்டும். அது போய்ச் சேரும் இடத்தில் ஈரம் இருக்கவேண்டும், ஏனென்றால் காய்ந்த மணல் மின்சாரத்தை வாங்காது. ஒன்று இல்லாவிட்டாலும் கதவு திறந்து என்ன பயன்? வெளியே போக வழியில்லாத இடி, வீட்டுக்காரரோடுதான் தங்கும். கந்தோர்க்காரர் எரிந்ததைப் பார்க்க மேலே பார்த்தார்கள். ஊரார் அம்மாளைப் பார்க்க இன்னும் மேலே பார்த்தார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் கம்பத்தின் காலடியைப் பார்த்தேன்.

மேலேயிருந்து இறங்கி வந்த கம்பி, கோயில் வீதியின் சீமெந்துத் தரைவரைக்கும் மிக ஒழுங்காக வந்து, அங்கே நின்றுவிட்டது. வெட்டிய முனை தெளிவாகத் தெரிந்தது. உன் பெரியப்பா மாலைப் பூசைக்கு வந்துகொண்டிருந்தார்.

"அத்தான், இந்தக் கம்பி எங்க போகுது?"

"ஒரு இடமும் போகல்ல. நான்தான் வெட்டுவிச்சன்."

"என்னத்துக்கு?"

"குளிர்த்தியில பொண்டுகள் ஈரக்காலோட வீதி சுத்துறாக்கள். அந்தக் கம்பிக்குக் கிட்டப் போனா சுள்ளெண்டு இழுக்குதாம். அம்மாளக் குளிரப் பண்ண வந்த இடத்தில கரண்ட் அடிச்சுச் செத்தா ஆருகா பதில் சொல்ற? வெட்டி, மேலால சீமெந்து போட்டு மெழுகின. மறுகா ஒருத்தருக்கும் இழுக்கல்ல."

"மறுகாதான் ட்ரான்ஸ்போமர் எரியத் தொடங்கின."

"அது வேற விசயம். அது அம்மாள்ட கோபம்."

உன் பெரியப்பாவிடம் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. வைகாசியில் அம்மனின் வெக்கை தணிய நீர் வார்த்துக் குளிர்த்தி பாடும் ஊர் இது. அந்த நீரில் நடக்கும் கால்களைக் காப்பாற்றத்தான் அவர் நினைத்தார். கால் இழுத்தது, எங்கேயோ ஓர் இணைப்பில் மின்சாரம் ஒழுகுகிறது என்ற செய்தி. எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதைவிடச் செய்தி கொண்டுவந்த கம்பியை வெட்டுவது சுலபம். வெட்டியதும் செய்தி நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. மண்ணுக்கு இருந்த ஒரே வழி அடைபட்டதை இடி மட்டும்தான் கவனித்தது. நான் மின்சாரக் கந்தோருக்குப் போய்ச் சொன்னேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் வந்து பார்த்தது அடுத்த சித்திரையில், மூன்றாவதும் எரிந்த பிறகு, புது மின்மாற்றியை லொறியில் ஏற்றிக்கொண்டு, கிரேனோடு.

அன்றைக்குத்தான் நான் கதிரையைப் போட்டேன். உன் அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்று இரு பக்கத்தாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார் என்று உனக்குச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்து கதிரையைத் தூக்கிவந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. லைன் வேலைக்காரருக்குத் தலைவராக வந்த போமன் நல்ல பிள்ளை. முதலில் கெஞ்சிப் பார்த்தார்.

"அக்கா, எழும்புங்க. கிரேன் வருது."

"வரட்டும் தம்பி. முதல்ல கீழ பாருங்க. மண்ணுக்குப் போற எர்த் இல்ல."

"எர்த்த அடுத்த கிழமை வந்து போடுறம். முதல்ல கரண்டத் தாறம்."

"போன வருசமும் வந்து பாக்கிறம் எண்டுதான் சொன்னீங்க."

"போன வருசம் சொன்னது நான் இல்ல அக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. புது ஆள், புது ட்ரான்ஸ்போமர். எர்த்தும் புதுசாப் போடுங்க."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. பல நாள் இருட்டில் இருந்த ஊருக்கு முன்னால் மின்சாரம் லொறியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது, நடுவில் ஒருத்தி கதிரையில் இருக்கிறாள். யாருக்குத்தான் கோபம் வராது? கருவாட்டுக்கடைப் பூமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"ஐஸுக்காரம்மா, உன்ட ஐஸ் கரைஞ்சா எங்கள ஏன்கா இருட்டில போடுற? எழும்புகா!"

"என்ட ஐஸ் கரைஞ்சு வாவிக்குப் போய்ச் சேந்துட்டு பூமணி. இனிக் கரையிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல."

"நெஞ்செண்டு ஒண்டு இருந்தா அதக் கரைச்சுக் காட்டு!"

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கதிரையில் இருக்கும்போது சிரித்தால் எழும்பவேண்டி வந்துவிடும். அப்போதுதான் உன் போன் வந்தது. நீ பேசியதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "அம்மா, ஆரோ வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. வளாகம் முழுக்கப் பாத்துட்டு. எழும்புங்கம்மா, மானம் போகுது" என்றாய். வீடியோவில் கதிரை தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றாய். வெட்டிய கம்பி தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாய். "அப்ப ஒழுங்கா எடுக்கச் சொல்லு மனே" என்று வைத்தேன். அன்றைக்கும் கோபமில்லை. பேட்டரி முடிந்துகொண்டிருந்தது, ஊரில் கரண்ட் இல்லை.

பின்னேரம் படுவான்கரைப் பக்கம் முழங்கத் தொடங்கியது. போமன் வந்து, "அக்கா, சண்டை பிடிக்கிறதெண்டா கோயில் மண்டபத்துக்குள்ள இருந்து பிடிப்பம்" என்றார். உடனே எழும்பினேன். இதை உனக்குக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கடைசிவரை அசையவில்லை என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. இடி முழங்கும்போது கம்பத்தடியில் இருப்பதற்கு வீரம் என்று பெயரில்லை. லைன் வேலைக்காரரும் அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறமாட்டார்கள். ஆகவே நான் எழும்பியதால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. கதிரையையும் மண்டபத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். எல்லோரும் ஒன்றாக மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருக்கையில் மழைக்குள் ஜீப் வந்தது. உன் வருங்கால மாமனார் இறங்கினார். அப்போது அவர் இந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அதை நான் யாருக்கும் மறைக்கவில்லை. "அம்மா, இடி எண்டுறது இயற்கை. இயற்கையோட நாங்க சண்டை பிடிக்க ஏலாது" என்றார்.

"மழையும் இயற்கைதான் ஐயா" என்றேன். "நீங்க ஜீப்பால இறங்கேக்க குடை பிடிச்சீங்களே."

மகனே, நான் சொன்னது அவ்வளவுதான். ஒரு சந்தேகம் கேட்டேன். கூட்டம் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை. பூமணிதான் அதிகம் சிரித்தாள், கொஞ்ச நேரத்துக்கு முன்பு என் நெஞ்சைக் கரைக்கப் பார்த்தவள். அன்று தொடக்கம் இந்தக் கரை முழுவதும் அவரைக் "குடை எஞ்சினியர்" என்று அழைக்கிறது. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, ஆனால் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்தார்கள். நீ மன்னிப்புக் கேட்கச் சொல்வது இந்தப் பெயருக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். சொல்லுவார்கள். பூமணிக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.

பெயர் நிலைத்தாலும் பிரச்சினை தீரவில்லை. பொறியியலாளர் குடையை மடக்கி வைத்துவிட்டு, சரி, எர்த் போடலாம், ஆனால் சீமெந்துத் தரை கோயில் நிலம், அதில் கந்தோர் கைவைக்க முடியாது என்றார். உன் பெரியப்பா, குளிர்த்திக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, இந்த நேரத்தில் கோயில் வீதியை உடைக்க விடமுடியாது என்றார். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டினார். மறுபடியும் விஞ்ஞானமும் சமயமும் ஒத்துப்போகத் தொடங்கிவிட்டன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நான் கதிரையில் சாய்ந்துகொண்டேன்.

"அப்ப சரி அத்தான். இந்த வருசக் குளிர்த்திய லவுட்ஸ்பீக்கர் இல்லாமச் செய்வம்."

யாரோ பின்னாலிருந்து, ஜெனரேற்றர் பிடிக்கலாம் என்றார்கள். உன் பெரியப்பாவே அவரைத் திரும்பிப் பார்த்தார்: "ஜெனரேற்றர் போடுற சத்தத்துக்குள்ள குளிர்த்திப் பாட்டு ஆருக்குடா கேக்கும்?"

"பக்கத்து ஊர்க் கோயில்ல பாடுறது நம்மட கோயிலுக்குள்ள நல்லாக் கேக்கும்" என்றேன். "நாங்களும் அதையே கேட்டுக் கும்பிடுவம்."

உன் பெரியப்பா வானத்தோடு எத்தனை வருடமும் பகைக்கக் கூடியவர். பக்கத்து ஊர் ஒலிபெருக்கியோடு ஒரு நாள்கூட முடியாது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ஒரு சதுரம் மட்டும் உடைக்கலாம்" என்றார். "முதல் குத்து நான்தான் குத்துவன்."

மறுநாள் காலை கர்ப்பூரம் கொளுத்தி, போமனின் இரும்பு அலவாங்கை வாங்கி அவரே முதல் குத்துக் குத்தினார். சீமெந்துக்குக் கீழே மணல் மாவாக உதிர்ந்தது. முழங்கால் ஆழம் மாவு. இடுப்பளவு இறங்கிய பிறகுதான் கறுத்து ஈரித்தது, அதற்கும் கீழே தண்ணீர் கசிந்தது. முன்பு வெட்டிவிட்ட கம்பியின் மிச்சமும் ஒரு பக்கத்தில் கிடந்தது, உப்பில் பச்சையாகி. பொறியியலாளர் தூறலில் குடை இல்லாமல் குழியோரம் வந்து குனிந்து நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர்வரைக்கும் செப்புக் கோல்களை இறக்கச் சொன்னார், ஒன்றல்ல, பல, இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று இணைத்து. மேலே இடிதாங்கியிலிருந்து இறங்கும் கம்பியில் மிச்சத்தை யாரோ அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதை வெட்டி நேராக்கச் சொன்னார், இடிக்குச் சுருள் பிடிக்காது, குறுக்கு வழிதான் பிடிக்கும் என்றார். ஒழுகிய இணைப்பைத் தேடிப்பிடித்து மாற்றுவித்தார். கால் படும் உயரத்துக்குக் கம்பியைக் குழாய்க்குள் விடச் சொன்னார். நான் புத்தகத்தில் வாசித்தது அத்தனையும், வாசிக்காதது இன்னும் கொஞ்சமும் அவருக்குத் தெரிந்திருந்தது. கந்தோர் அவரிடம் மின்மாற்றி எப்போது வரும் என்று மட்டும் கேட்டுப் பழகியிருந்தது, ஊரும் அதையே கேட்டது. அறிவுள்ள மனிதனை இவ்வளவு காலம் சும்மா வைத்திருந்ததற்கு யாராவது மன்னிப்புக் கேட்கவேண்டுமென்றால் அந்த வரிசையில் நான் கடைசியாக வந்து நிற்கிறேன்.

அந்த வருடக் குளிர்த்தியில் கடைசிக் குடத்து நீரை உன் பெரியப்பா எர்த் குழியில் ஊற்றினார். நான்தான் கேட்டேன், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் மேலிருந்து காய்ந்துகொண்டு போகும், ஈரம் வேண்டும் என்று. இப்போது வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றிவிட்டுப் போகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஆதி காலந்தொட்டு வரும் வழக்கம் என்று உன் பெரியப்பா விளக்குகிறார். நான் மறுப்பதில்லை. பொறியியல் ஒரு வழக்கமாக நிலைப்பதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வழி எனக்குத் தெரியாது. அந்த மின்மாற்றி இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஐஸ் ஆலை ஓடுகிறது, லொறிக்கார நானா மீனோடு போகிறார். இடி விழுகிறது, ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. நடக்காத ஒன்றுக்கு யாரும் மாலை போடுவதில்லை, கதிரை போட்ட ஒருத்தியை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இனி உன் பங்கு. அந்தக் கிழமையே நீ என்னைக் கேட்காமல், என் பேரில் மன்னிப்புக் கேட்க மின்சாரக் கந்தோருக்குப் போனாய். பொறியியலாளர் குழியடியில் நின்றதால் அவர் அங்கே இல்லை. அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த மகள் இருந்தாள். உன்னைப் பார்த்து, "கதிரையில இருந்த அம்மாட மகனா நீங்க? அவவ எனக்கு ஒருக்காப் பாக்கணும்" என்றாளாம். நீ கொண்டுபோன மன்னிப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாய். பிறகு அதைத் தேடிக்கொண்டு அடிக்கடி அங்கே போனாய். நான் அன்றைக்கு எழும்பி வீட்டுக்குப் போயிருந்தால் நீ இப்போதும் செங்கலடி அறையில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பாய். உன் கல்யாணத்துக்குக் காரணமான ஒன்றுக்காக உன் கல்யாணத்தில் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்வது பொருளியலின்படி சரியா என்று நீயே பார்.

இந்த இடத்தில் ஒரு தாய், கல்யாண வாழ்க்கையையும் இடிதாங்கியையும் ஒப்பிட்டு நாலு வரி எழுதவேண்டும். நான் எழுதப்போவதில்லை. கல்யாணம் வேறு, மின்கம்பம் வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன், அது கம்பத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும். அவள் ஒருநாள் வந்து, இந்த வீட்டில் ஏதோ காலில் சுள்ளென்று இழுக்கிறது என்று சொன்னால், கம்பியை வெட்டி மேலே சீமெந்து பூசாதே. எங்கே ஒழுகுகிறது என்று தேடு. நானாக இருந்தாலும் தேடு.

கடைசியாக, உனக்குத் தெரியாத ஒரு விசயம். ஐப்பசியில் நாள் குறிக்க அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்களே, அன்று பின்னேரம் வானம் உடைந்தது. பலகாரத் தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். நீ என்னைப் பார்த்து, கண்ணால், இப்போது சொல்லுங்கள் அம்மா, இப்போது சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். அப்போது வாவிப் பக்கம் ஒரு வெளிச்சம், வீட்டுக் கூரை அதிர ஒரு முழக்கம். லைற் அணைந்தது, மின்விசிறி மெதுவாகியது. அது நிற்பதற்குள் லைற் மறுபடி வந்தது. நீங்கள் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தீர்கள். நீ அவளுக்கு முறுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாய். பேசாமல் மேலே பார்த்தவர்கள் இரண்டு பேர்தான், நானும் அவரும். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம்.

"மண்ணுக்குப் போயிட்டு" என்றார், மெதுவாக.

"ஓம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தவா?"

மன்னிப்புக்கு உகந்த நேரம் அதுதான். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. புறப்படும்போது கிணற்றடியில் கை கழுவ வந்தவர், யாருமில்லையா என்று பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். தன்னாமுனைக்கு அப்பால் ஒரு கிராமமாம். அங்கேயும் மின்மாற்றிகள் தொடர்ந்து எரிகின்றனவாம். எர்த் காய்ந்த மணலில் நிற்கிறது, ஆழமாக இறக்கவேண்டும் என்று மேலிடத்துக்கு எத்தனையோ தடவை எழுதிவிட்டாராம். இடி இயற்கை, இயற்கையோடு சண்டை பிடிக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரிக்காமல் பேசத் தெரிந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

"ஓய்வு எடுக்க முதல் அத ஒண்டச் செஞ்சு முடிக்கணும்" என்றார். "சம்பந்தி, அந்தக் கதிரை இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கல்யாணம் முடியட்டும். குடைய நான் கொண்டு வாறன்."

ஆகவே தை மாதத்தில் உன் கல்யாணப் பந்தலில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டால் பயப்படாதே. அங்கே மன்னிப்பு ஒன்றும் நடக்காது. பந்தல் பிரித்த பிறகு உன் அப்பா கதிரையைத் தூக்கி லொறிக்கார நானாவின் லொறியில் ஏற்றுவார், நாங்கள் தன்னாமுனைப் பக்கம் போவோம். உன் மனைவியாகப் போகிறவள் தானும் வருவதாக ஏற்கனவே சொல்லிவிட்டாள். நீ வருவதானால் உனக்கு ஒரு கதிரை நீயே கொண்டு வா.

இப்படிக்கு,
எழும்பாத
உன் அம்மா